நான்கு மாதக் காவல்: மலைக்காடுகளின் தீக்காவலர்கள்

ஆண்டுதோறும் பிப்ரவரி 15 ஆம் நாள் உத்தராகண்ட் மாநிலத்தில் 'தீப் பருவம்' தொடங்குகிறது. ஜூன் 15 ஆம் நாள் அது முடிவடைகிறது. வனத்துறை வகுத்துக்கொண்டுள்ள இந்த நான்கு மாத காலத்திற்கென மலைக்கிராமங்களிலிருந்து ஆட்கள் தினக்கூலி அடிப்படையில் எடுக்கப்பட்டு, காட்டுத் தீயைக் கண்காணிக்கவும் அணைக்கவும் அமர்த்தப்படுகின்றனர். தீக்காவலர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். பருவமழை இறங்கியதும் அவர்கள் வீடு திரும்புகின்றனர். கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரகொளே தேசியப் பூங்காக்களிலும், கேரளத்தின் காடுகளிலும், நாட்டின் வேறு பல பகுதிகளிலும் இவ்வாறே கோடைக்குக் கோடை ஆட்கள் அமர்த்தப்படுகின்றனர். பருவத்தின் தேதிகள் இடத்திற்கு இடம் மாறலாம். வேலையின் தன்மை ஏறத்தாழ ஒன்றே.

நம் நாட்டின் வனப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது அடிக்கடி தீக்கு இரையாகக்கூடியது என்று டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. இத்தகைய பரந்த தேசியச் செல்வத்தின் பாதுகாப்பு, அதற்கு ஆபத்து மிகுந்த மாதங்களில், நிரந்தரப் பணியாளர் பதிவேட்டில் இடம் பெறாத இவர்களையே பெருமளவில் சார்ந்து நிற்கிறது. எனவே இவர்களது பணி எத்தகையது, அதற்குரிய செலவு எவ்வாறு திட்டமிடப்படுகிறது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

சருகும் சரிவும்

உத்தராகண்டில் ஏறக்குறைய 4 லட்சம் எக்டேர் பரப்பில் சீர் பைன் மரங்கள் நிற்கின்றன. கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 1,800 மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும், இம்மரமே ஓங்கி வளர்கிறது. கோடை தொடங்கியதும் இது தன் ஊசியிலைகளை உதிர்க்கிறது. மலைமக்கள் 'பிரூல்' என்றழைக்கும் இச்சருகு எளிதில் மட்குவதில்லை, பிசின் கலந்தது, கனமான பாய் விரித்தாற்போல் தரை முழுவதையும் மூடிக்கொள்கிறது. அதன்மேல் நடந்தால் கால் வழுக்கும்; ஒரு பொறி விழுந்தால் சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். பிசின் எடுப்பதற்காக மரப்பட்டையில் வெட்டப்பட்ட காயங்கள் வழியே தீ மரத்திலும் ஏறுவதுண்டு.

தீ தானாக மூள்வது அரிது. மழைக்குப் பின் இளம்புல் நன்கு முளைக்கட்டும் என்று பழைய புல்லுக்கு வைக்கும் தீ, வயலோரக் குப்பைகளுக்கு இட்ட தீ, வழிப்போக்கர் எறிந்த பீடித்துண்டு ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. மத்திய இந்தியாவிலோ, உதிரும் இலுப்பைப் பூவைப் பொறுக்குவதற்கு வசதியாக மரத்தடிச் சருகை எரிப்பது வழக்கம். வாழ்க்கைத் தேவையிலிருந்து எழுகின்ற இச்செயல்களைக் குற்றம் என்று மட்டும் கருதி அணுகுவது பயன் தராது. 1927 ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் தீ மூட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. ஆயினும் யார் எந்தச் சரிவில், எந்த வாரத்தில் புல்லுக்குத் தீ வைப்பார் என்பதை அறிந்தவர் அதே ஊரைச் சேர்ந்த தீக்காவலரே. முன்கூட்டியே அவரிடம் சென்று, காற்று அடங்கிய நாளில், அக்கம்பக்கத்தார் உடனிருக்க எரிக்குமாறு சொல்லக்கூடியவரும் அவரே.

ஒரு நாள் வேலை

மழையற்ற கோடை நாளில் தீக்காவலரின் வேலை காலையிலேயே தொடங்குகிறது. குழு நிலையம் எனப்படும் சிறு கொட்டகையிலிருந்து இருவராகவோ மூவராகவோ புறப்பட்டு, தமக்குரிய காட்டுப் பகுதியைச் சுற்றி வருகின்றனர். மரமும் சருகும் இல்லாதவாறு துப்புரவாக வைக்கப்பட வேண்டிய தீத்தடுப்புக் கோடுகளில் புதிதாக உதிர்ந்த சருகை வாரி ஒதுக்குகின்றனர். பின்னர் உயர்ந்ததோர் இடத்தில் அமர்ந்து எதிர்மலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே பணி. வெறும் பார்வையாகத் தோன்றும் இதிலும் அனுபவம் தேவை. அடுப்புப் புகை எது, காட்டுப் புகை எது, புகையின் நிறமும் சாய்வும் காட்டும் காற்றின் திசை என்ன என்பனவெல்லாம் ஒரே கோடையில் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

தீ தென்பட்டால் அருகில் இருப்பவர் யாரோ அவரே முதலில் செல்ல வேண்டும். கையில் இருப்பவை இரும்பு வாரியும் அரிவாளும் பச்சைத் தழைக் கொத்துமே. தண்ணீர் பயன்படுவது குறைவு. மலைச்சரிவில் தீயணைப்பு வண்டி செல்லும் சாலை ஏது? சருகை இழுத்து ஒதுக்கி வெறுந்தரை தெரியும்படி ஒரு கீற்று அமைப்பதும், தழையால் அடித்துச் சுடரை அடக்குவதும், தேவையானால் எதிர்த்தீ வைப்பதுமே வழிகள். எதிர்த்தீ என்பது, முன்னேறி வரும் தீக்கு இரையாக வேண்டிய சருகைப் பாதுகாப்பான ஓர் ஒற்றையடிப் பாதையிலிருந்தோ மலைமுகட்டிலிருந்தோ முன்னதாகவே எரித்துவிடுவதாகும். எங்கே தொடங்குவது, எப்போது தொடங்குவது என்ற கணிப்பில் பிழை நேர்ந்தால் அணைக்கச் சென்றவரே இரு தீக்களுக்கிடையே சிக்கிக்கொள்வர்.

சரிவில் தீ மேல்நோக்கியே விரைகிறது. சுடரின் வெப்பம் மேலே உள்ள சருகை முன்பே உலர்த்திச் சூடாக்கிவிடுவதால், சரிவு செங்குத்தாகச் செங்குத்தாகத் தீயின் வேகமும் பெருகுகிறது. ஆகையால் தீக்கு மேலே சரிவில் நிற்பது மிகவும் ஆபத்தானது. கீழே நிற்பதும் முற்றிலும் பாதுகாப்பானது அன்று. எரியும் பைன் காய்கள் உருண்டு வந்து காவலருக்குப் பின்புறத்தில் புதிய தீயை மூட்டிவிடும். பிற்பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும். இரவில் காற்று தணிந்து ஈரம் சற்றே கூடும் என்பதால், அனுபவமுள்ள குழுவினர் பல தீக்களை இரவிலும் விடியற்காலையிலுமே அணைத்து முடிக்கின்றனர்.

செயற்கைக்கோள் பார்க்கும் நேரம்

இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 ஆம் ஆண்டிலிருந்து செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு காட்டுத் தீ பற்றிய எச்சரிக்கைகளை மாநிலங்களுக்கு அனுப்பி வருகிறது. தொடக்கத்தில் ஒரு கிலோமீட்டர் அளவில் காட்டிய கருவிகளுக்குத் துணையாக, பின்னர் 375 மீட்டர் அளவில் தெளிவாகக் காட்டும் கருவியின் தரவும் சேர்ந்தது. எச்சரிக்கை வனச்சரக அளவிலும் அதனினும் சிறிய பகுதி அளவிலும் கைபேசிக்கே வந்து சேருகிறது. இது பெரியதொரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் இத்தெளிவான கருவியைத் தாங்கிய செயற்கைக்கோள்கள் ஓரிடத்தின்மேல் கடந்து செல்வது ஏறத்தாழப் பிற்பகல் ஒன்றரை மணி அளவிலும், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவிலுமே ஆகும். பிற்பகல் மூன்று மணிக்கு, காற்று வலுக்கும் வேளையில், மூளும் தீயை அவை அடுத்த சுற்றில்தான் காணும். அதற்குள் ஒரு மலைச்சரிவே எரிந்து முடிந்துவிடலாம். இடைப்பட்ட அப்பத்து மணி நேரத்தின் கண் தீக்காவலரே. எச்சரிக்கை உரிய வேளையில் வந்தாலும் நடந்து சென்று அணைக்க ஆள் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அவர்கள் ஏற்கும் ஆபத்து எத்தகையது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு சான்றாகும். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் தோட்டக்காடு ஒன்றில் பரவிய தீயை அணைக்கச் சென்ற வனக்காவலர் மூவர் உயிரிழந்தனர். 2024 ஜூன் 13 ஆம் நாள் உத்தராகண்டின் அல்மோரா மாவட்டத்திலுள்ள பின்சர் வனவிலங்குச் சரணாலயத்தில் தீயணைக்க வாகனத்தில் சென்ற எட்டுப் பேரைத் தீ சூழ்ந்துகொண்டது. நால்வர் அங்கேயே மாண்டனர். மற்ற நால்வர் கடுந்தீக்காயங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டவர்களுள் நிரந்தரப் பணியாளரும் இருந்தார், தீக்காவலரும் இருந்தார், தினக்கூலியும் இருந்தார். தீப் பருவம் முடிய இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன.

தீயின் நாட்காட்டியும் கணக்கின் நாட்காட்டியும்

நம் நாட்டின் நிதியாண்டு 1867 ஆம் ஆண்டு முதல் ஏப்ரல் முதல் நாளில் தொடங்குகிறது. தீப் பருவமோ பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிகிறது. அதாவது, கணக்கு முடிக்கும் மார்ச் 31 ஆம் நாள் தீப் பருவத்தின் நடுவே வந்து நிற்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குரிய கூலி ஓர் ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்தும், ஏப்ரல் முதலான மாதங்களுக்குரியது அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்தும் வழங்கப்பட வேண்டும். புதிய ஆண்டின் ஒதுக்கீடு மாநிலத் தலைமையகத்திலிருந்து கோட்டத்திற்கும், கோட்டத்திலிருந்து சரகத்திற்கும் இறங்கி வருவதற்குள் ஏப்ரல் கழிந்துவிடுவதுண்டு. தீ மிகுதியாகும் மாதங்களோ ஏப்ரலும் மே மாதமுமே. கூலி தாமதமாவதற்கு யாருடைய கவனக்குறைவும் தேவையில்லை, நடைமுறையே போதும்.

இதனினும் முக்கியமானது முன்னேற்பாட்டு வேலை. தீத்தடுப்புக் கோடுகளைத் துப்புரவாக்குவதும், கட்டுப்பாட்டுடன் சருகை எரித்து அகற்றுவதும் குளிர்காலத்திலேயே, சருகு சற்று ஈரமாக இருக்கும்போதே, முடிக்கப்பட வேண்டியவை. ஆனால் ஆட்கள் வருவதோ பருவம் தொடங்கிய பின்னர். தடுப்பதற்கு ஆகும் செலவைக் காட்டிலும் அணைப்பதற்கு ஆகும் செலவு பன்மடங்கு என்பது பொருளியல் பயின்றவர்க்கு மட்டும் விளங்கும் உண்மையன்று; எந்த மலைவாசியும் இதனை அறிவார். இருந்தும் தீ மூண்ட பின் ஒதுக்கப்படும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. தீ மூளாதிருக்கச் செலவிட்ட பணம் தெரிவதில்லை. எரியாத சரிவில் ஊறிய ஊற்றுநீரும், அடித்துச் செல்லப்படாத மண்ணும் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படுவதில்லை.

மத்திய அரசின் நிதியுதவியுடன் 2017 ஆம் ஆண்டு முதல் 'வனத் தீத் தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டம்' செயற்படுத்தப்பட்டு வந்துள்ளது. இதன்படி இமாலய, வடகிழக்கு மாநிலங்களில் செலவின் 90 சதவிகிதத்தையும், பிற மாநிலங்களில் 60 சதவிகிதத்தையும் மத்திய அரசு ஏற்கிறது. 2018 இல் தேசியச் செயல்திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டது. எனினும் நிதியை ஒதுக்குவது ஒன்று, அதனை டிசம்பருக்குள் சரக அலுவலகத்தில் சேர்ப்பது மற்றொன்று. ஆள் பற்றாக்குறையும் உண்டு. 2024 கோடையில் மக்களவைத் தேர்தல் பணிக்கு வனத்துறையினர் அனுப்பப்பட்டதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது இதனோடு தொடர்புடையதே. தேர்தலைத் தள்ளிவைக்க இயலாது. தீயையும் தள்ளிவைக்க இயலாது.

தீக்காவலரை நான்கு மாதச் செலவினமாகக் கருதும் வரை அவரது அனுபவமும் நான்கு மாதத்தோடு கரைந்துவிடும். அவரையே குளிர்காலத்தில் கோடு துப்புரவுக்கும், மழைக்காலத்தில் நாற்றங்கால் வேலைக்கும், ஊற்றுகளுக்கு மேலே நீர் உட்புகக் குழிகள் தோண்டவும் அமர்த்தினால், ஆண்டில் எட்டு ஒன்பது மாத வேலை கிடைக்கும். இதற்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. பல தலைப்புகளில் பல வேளைகளில் பலரிடம் செலவாகும் பணத்தை ஒரே கையில் சேர்த்தால் போதுமானது. கனமான காலணி, எளிதில் பற்றாத உடை, விபத்துக் காப்பீடு ஆகியவற்றை இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். பருத்திச் சட்டையும் ரப்பர் செருப்புமாகத் தீயெதிரே ஒருவரை நிறுத்துவது சிக்கனமாகாது.

கிராமத்தின் பங்கு

குமாவோன் பகுதியில் 1921 ஆம் ஆண்டு மக்கள் பைன் காடுகளுக்குத் தாமே தீயிட்டனர். காட்டின்மீது தமக்கிருந்த உரிமைகளைக் காலனி அரசு சுருக்கிவிட்டது என்பதே அவர்களது சீற்றம். பின்னர் 1931 இல் வனப் பஞ்சாயத்து விதிகள் உருவாயின; இன்று உத்தராகண்டில் 11,000க்கு மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. தன் காடு என்று ஒரு கிராமம் கருதும் இடத்தில் தீயைக் கண்டதும் ஊரார் ஓடிவருவதும், மற்ற இடங்களில் வனத்துறைக்குச் செய்தி போகட்டும் என்று காத்திருப்பதும் மலைப்பகுதிகளில் காணக்கூடிய வேறுபாடாகும். பிரூலைச் சேகரித்துக் கொணர்ந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் வழங்கப்படும் என்று மாநில அரசு 2024 இல் அறிவித்தது இந்த உறவை வருமானத்தின் வழியாகப் புதுப்பிக்கும் முயற்சி எனலாம். செங்குத்தான சரிவிலிருந்து சருகைச் சுமந்து சாலைக்குக் கொணரும் உழைப்புக்கு எந்த விலை கட்டுபடியாகும் என்பதை மலைப்பெண்களே முடிவு செய்வர்.

காட்டில் உரிமை பெற்றோர் யாவரும் தீயணைக்க உதவக் கடமைப்பட்டவர் என்று வனச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு கூறுகிறது. உதவுவதற்கு ஊரில் ஆள் இருக்கவேண்டுமே! 2001 க்கும் 2011 க்கும் இடையே அல்மோரா, பௌரி கட்வால் ஆகிய இரு மாவட்டங்களின் மக்கள் தொகை உயராதது மட்டுமன்று, குறைந்தேவிட்டது என்பது மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பதிவான செய்தி. உழுவாரற்ற படிக்கட்டு வயல்களில் புல்லும் புதரும் மண்டி, காட்டுத் தீ வீட்டு வாசல் வரை வர வழி செய்கின்றன. ஜூன் 15 க்குப் பின் தீக்காவலருள் சிலர் தம் வயலுக்குத் திரும்புகின்றனர். சிலர் ஹல்த்வானிக்கும் டெல்லிக்கும் பேருந்து ஏறி, உணவு விடுதிகளிலும் கட்டட வேலைகளிலும் சேருகின்றனர். அடுத்த பிப்ரவரியில் சரக அலுவலகம் பட்டியல் எடுக்கும்போது அவர்களுள் எத்தனை பேர் ஊரில் இருப்பர் என்பது, அதற்கு முந்தைய கோடையின் கூலி எந்த மாதத்தில் கைக்கு வந்தது என்பதைப் பொறுத்ததாகும்.