800 டிகிரியிலும் வேலை செய்யும் சென்சார்

ஜெட் எஞ்சினின் எரியறைக்குள் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. சுடரும் அறைக்குள் எழும் ஒலியலையும் ஒன்றையொன்று தூண்டிவிட்டால், அழுத்தம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கும். முற்றினால் எஞ்சின் பாகங்களில் விரிசல் விழும். அப்பல்லோ விண்வெளி வீரர்களைச் சுமந்த ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினை உருவாக்கியபோது, பொறியாளர்களை மிகவும் வாட்டிய கோளாறு இதுதான். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காகக் காற்றைக் கூட்டி எரிக்கும் இன்றைய எஞ்சின்களிலும் இந்த அதிர்வு எளிதில் கிளம்பிவிடுகிறது.

அதைப் பிடிக்க சென்சார் தீக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிலிக்கான் சில்லு அங்கே தாக்குப்பிடிக்காது. சூடு ஏற ஏற எலெக்ட்ரான்கள் தாமாகவே கட்டவிழ்ந்து ஓடும். எது சிக்னல், எது கசிவு என்று பிரிக்க முடியாது. அதனால் குழாய் வழியே அழுத்தத்தை வெளியே கொண்டுவந்து அளக்கிறார்கள். வேகமான அதிர்வுகள் அந்தக் குழாயிலேயே மங்கிவிடுகின்றன. எதை அறிய வேண்டுமோ, அதுவே வழியில் தொலைந்துவிடுகிறது.

இங்கேதான் சிலிக்கான் கார்பைடு வருகிறது. உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் இருக்கும் அதே பொருள். எலெக்ட்ரானை விடுவிக்க சிலிக்கானில் 1.1 எலெக்ட்ரான் வோல்ட் போதும். இதில் ஏறக்குறைய 3.2 வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள நாசா கிளென் ஆய்வு மையத்தில் ராபர்ட் ஒகோஜியின் குழு, இந்தப் படிகத்தில் மெல்லிய சவ்வைக் குடைந்து, அதில் மின்தடைகளை அமைத்தது. அழுத்தம் பட்டுச் சவ்வு வளைந்தால் மின்தடை மாறும். 2015-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. சூடு ஏறும்போது முதலில் மழுங்கிய உணர்திறன், மேலும் சூடேறியதும் திரும்பக் கூடி, 800 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ பழைய அளவுக்கே வந்துவிட்டது.

ஆனாலும் பெரிய சவால் என நான் கருதுவது, சில்லையும் கம்பியையும் இணைக்கும் உலோகப் பூச்சைத்தான். அந்தச் சூட்டில் உலோக அணுக்கள் இடம்பெயரும். ஆக்சிஜன் உள்ளே புகுந்து இணைப்பை அரித்துவிடும். டைட்டானியம், டான்டலம் சிலிசைடு, பிளாட்டினம் என்று அடுக்கடுக்காகப் பூசி இதைத் தடுத்தார்கள். பார்வைக்கே தெரியாத இந்தப் பூச்சுக்குப் பின்னால் இருப்பது பல ஆண்டு உழைப்பு.

இதே மையத்தின் சிலிக்கான் கார்பைடு மின்சுற்றுகள் வெள்ளிக் கோளுக்கும் குறிவைக்கின்றன. அங்கே தரையில் வெப்பம் சுமார் 460 டிகிரி. அழுத்தம் பூமியைப் போல 90 மடங்குக்கும் மேல். 1982-இல் அங்கே இறங்கிய சோவியத்தின் வெனேரா-13 விண்கலம் 127 நிமிடம் தாங்கியது. அதே சூழலை உருவாக்கிய சோதனைக் கலத்தில், குளிரூட்டலோ பாதுகாப்பு உறையோ இல்லாமல், இந்தச் சுற்றுகள் 521 மணிநேரம் இயங்கின.