சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

வியாபாரிகளாகிய நாம் வரவையும் செலவையும் தவறாது எழுதி வைக்கின்றோம். ஆனால், எமது தொழிலிடத்திலிருந்து எழும் சத்தத்தை எத்தனை பேர் கணக்கில் எடுக்கின்றோம்? சிறியதொரு தளபாட வேலைத்தளம் நடத்தும் நானும் நீண்ட காலம் அதைப்பற்றி யோசித்ததில்லை.

ஒரு நாள் பின்வீட்டு ஹாஜியார் வந்தார். "தம்பி, பேரனுக்குச் சோதனை வருது. மெஷின் சத்தத்தில படிக்க ஏலாதாம்" என்றார். அதே வாரம், மரம் சீவும் இயந்திரத்தில் பல வருடங்களாக வேலை செய்யும் நானாவிடம் ஒரு பலகையின் அளவைச் சொன்னேன். மூன்று தடவை சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. இயந்திரமோ அப்போது ஓடவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

தரமான ஒலிமானியின் விலை எனக்குக் கட்டுபடியாகவில்லை. எனது மகன் தனது ஐபோனில் ஒரு செயலியை இறக்கித் தந்தார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான 'நியோஷ்' 2017இல் இலவசமாக வெளியிட்ட செயலி அது. பிழை ஏறத்தாழ 2 டெசிபலுக்குள் இருக்கும் என்று அந்நிறுவனம் கூறுகின்றது.

நானாவின் காதருகே பிடித்துப் பார்த்தேன், 97 டெசிபல். பின்மதிலடியில் 68.

இந்த இலக்கங்களின் அர்த்தத்தைத் தேடியபோதுதான் திடுக்கிட்டேன். நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகின்றது. 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2, 94இல் ஒன்று. 97இல் வெறும் அரை மணித்தியாலம்! நானாவோ தினமும் மூன்று மணித்தியாலம் நின்றிருக்கின்றார், காதில் எதுவுமின்றி.

மதிலடியிலும் தவறு என் பக்கமே. 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளில் காணியின் எல்லையில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுத்தன. மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு அது 63, 50.

முதலில் நானாவுக்குக் காதுக் கவசம் வாங்கினேன். அந்த இயந்திரத்தில் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தினேன். மழுங்கிய அலகுகளை மாற்றி, இயந்திரத்தின் அடியில் தடித்த இறப்பர் வைத்து, அதை மதிலிலிருந்து தள்ளி முன்பக்கம் கொண்டு சென்றேன். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மதிலடியில் 59 ஆனது. பின் ஜன்னலைக் கல் வைத்து அடைத்த பின்னர் 54.

இதை வைத்து நான் சட்டத்துக்குள் இருக்கின்றேன் என்று வாதாட முடியாது. செயலியின் பிழையே 2 டெசிபல் அல்லவா? கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி ஒலிவாங்கி வேறுபடும். உறை மூடியிருந்தாலும் காற்றடித்தாலும் அளவு மாறும். ஒரு கணம் காட்டும் இலக்கத்தை விட்டு, சில நிமிடங்களின் சராசரியையே பார்க்க வேண்டும். முறைப்பாடு, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்று வரும்போது, அளவுதிருத்தம் செய்த கருவியால் எடுத்த அளவே செல்லும். எங்கே பிரச்சினை, செய்த மாற்றம் பலன் தந்ததா என்று அறிய மட்டும் செயலி போதும்.

ஹாஜியார் இப்போது முறையிடுவதில்லை. நானாவைக் காது வைத்தியரிடம் கூட்டிச் சென்றேன். இரைச்சலால் போன கேள்வித்திறன் திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்றார் அவர்.

ஜன்னலை அடைத்த செலவு எனது கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது. நானாவின் நட்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? உங்கள் தொழிலிடத்தில் இன்றே ஒரு தடவை அளந்து பாருங்கள்.