கண்ணிவெடி அகற்றலும் கலைச்சொல் தெளிவும்

1. முன்னுரை

பெங்களூர்த் தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் மொழியாய்வாளர் அறிந்தவை. அதனை அடுத்த அல்சூர்ப் பகுதியில், 1780-இல் தோற்றம் பெற்ற மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் அமைந்துள்ளது. அப்படையினரைக் குறிக்கத் 'தம்பி' என்னும் தமிழ்ச் சொல்லே வழங்கி வருகிறது. பிற்காலத்தில் கண்ணிவெடி வயல்களில் வழி திறக்கப் பல நாட்டுப் படைகள் கையாண்ட 'பெங்களூர் டார்பிடோ' என்னும் கருவியை, 1912-இல் கேப்டன் மக்ளின்டாக் பெங்களூரிலேயே உருவாக்கினார். கண்ணிவெடி அகற்றல் தொடர்பான தமிழ்ச் சொற்கள் சிலவற்றின் பொருள் எல்லையை வரையறுக்க முற்படும் இக்கட்டுரை, அக்கருவியிலிருந்தே தொடங்குகிறது.

2. வழிதிறப்பும் முழு அகற்றலும்

பெங்களூர் டார்பிடோ என்பது வெடிமருந்து அடைத்த குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, மறைவிடத்திலிருந்து முன்னோக்கித் தள்ளி வெடிக்கச் செய்யும் கருவியாகும். அது முள்கம்பி வேலியை அறுத்து ஓர் ஒடுங்கிய பாதையைத் திறக்கும். 1944-இல் நார்மண்டிக் கடற்கரையிலும் அது பயன்பட்டது. பாதையின் இருமருங்கிலும் வெடிகள் அப்படியே கிடக்கும். பாதைக்குள்ளேயே சில எஞ்சுதலும் கூடும். விரைந்து கடக்க வேண்டிய படைக்கு அது போதுமானது. அதே நிலத்தை உழவேண்டிய உழவருக்குப் போதாது. குறித்த பரப்பில், குறித்த ஆழம்வரை உள்ள வெடிகள் அனைத்தும் நீக்கப்பட்டாலன்றி அவர் அதில் ஏர் பூட்ட இயலாது. எனவே முன்னதை 'வழிதிறப்பு' என்றும் பின்னதை 'முழு அகற்றல்' என்றும் வேறுபடுத்தல் வேண்டும். இரண்டையும் 'அகற்றம்' என்று பொதுப்படப் பெயர்ப்பது பிழைபட்ட நம்பிக்கையைத் தோற்றுவிக்கும்.

3. களத்தில் நிகழ்வது

முழு அகற்றலின் படிநிலைகளை இலங்கையின் வடபகுதியில் தெளிவாகக் காணலாம். 2002-இல் போர்நிறுத்தம் ஏற்பட்டபின் அங்கு இப்பணி பெருமளவில் விரிவடைந்தது. 2009-இல் போர் முடிந்தபின் மேலும் பெருகியது. முதலில் ஊராரிடம் கேட்டும் பதிவுகளை நோக்கியும் ஐயத்திற்குரிய பரப்பு வரையறுக்கப்படுகிறது. பின்னர் கருவிகளுடன் உட்புகுந்து அவ்வெல்லை சுருக்கப்படுகிறது. அதன்பின்னரே ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள தடங்களில் தேடல் தொடங்கும்.

உலோகங்காணி ஒலித்தால், பணியாளர் மண்டியிட்டு, மெல்லிய கோலைச் சாய்வாகச் செலுத்தி மண்ணைத் துழாவுவார். அழுத்தத்தால் இயங்கும் பகுதி வெடியின் மேற்புறத்தில் இருத்தலின், பக்கவாட்டில் அணுகுவதே பாதுகாப்பு. ஆயினும் பாகிஸ்தானில் உருவான பி-4 போன்ற வெடிகளில் உலோகம் மிகச் சிறிதளவே உள்ளது. விடுதலைப் புலிகள் செய்த 'ஜொனி' மரப்பெட்டியில் அமைந்தது. எனவே கருவியின் மௌனம் வெடியின்மைக்குச் சான்றாகாது. இக்காரணத்தால், நீண்ட பிடியுடைய வாரிகளைக் கொண்டு மண்ணைப் படிப்படியாகச் சுரண்டி எடுக்கும் முறையும் அங்குக் கையாளப்பட்டது. பயிற்றப்பட்ட நாய்களும் பொறிகளும் துணைபுரிவதுண்டு. இறுதியில் தரச்சோதனை நிகழ்ந்து, நிலம் எழுத்துவழி ஒப்படைக்கப்படும்.

4. சொற்களின் பொருள் எல்லை

(அ) கண்ணிவெடி, மிதிவெடி: 'கண்ணி' என்பது பறவையையும் விலங்கையும் அகப்படுத்தும் சுருக்கு. தமிழக வழக்கில் 'கண்ணிவெடி' எல்லா வகையையும் சுட்டும் பொதுச்சொல். ஈழ வழக்கில், ஆளின் காலடியில் வெடிப்பது 'மிதிவெடி' எனப்படும். ஊர்திகளைக் குறிவைத்துத் தொலைவிலிருந்து இயக்கப்படுவதைக் 'கண்ணிவெடி' என்றல் பெருவழக்கு. 1997-ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கை தடைசெய்வது ஆளெதிர் வெடிகளை மட்டுமே. இலங்கை 2017-இல் அதில் இணைந்தது, இந்தியா இணையவில்லை. அவ்வுடன்படிக்கையைப் பெயர்ப்போருக்கு 'மிதிவெடி' நெருக்கமானதாகத் தோன்றலாம். ஆனால் இடறுகம்பியால் வெடிப்பதும் அவ்வரையறைக்குள் அடங்கும். அது மிதித்தலால் வெடிப்பதன்று. ஆகவே சட்டப் பனுவலில் 'ஆளெதிர்க் கண்ணிவெடி' என்பதும், ஊரார்க்கான எச்சரிக்கையில் அவர்தம் நாவில் பயிலும் 'மிதிவெடி' என்பதும் பொருந்தும்.

(ஆ) செயலிழக்கச் செய்தல், அழித்தல், அகற்றல்: வெடியின் இயங்குமுறையைத் தடுப்பது முதலாவது, அதனை வெடிக்கவைத்தோ எரித்தோ இல்லாமற் செய்வது இரண்டாவது, நிலத்தை அதிலிருந்து விடுவிப்பது மூன்றாவது. செயலிழந்த வெடியிலும் வெடிமருந்து எஞ்சும். ஆதலின் இவை ஒருபொருட் பன்மொழிகளல்ல.

(இ) நில விடுவிப்பு: ஆய்வால் ஐயம் நீங்கிய நிலம், சோதித்துச் சுருக்கிய நிலம், தோண்டித் தேடிய நிலம் ஆகிய மூன்றையும் பன்னாட்டுத் தர ஆவணங்கள் 'விடுவிப்பு' என்னும் ஒரு தலைப்பின்கீழ் அடக்கினும், தனித்தனியே பெயரிட்டுப் பிரிக்கின்றன. இலங்கைத் தமிழ் நாளிதழ்களிலோ 'காணி விடுவிப்பு' என்பது படையினர் வசமிருந்த நிலம் உரியவரிடம் மீள்வதையே பெரிதும் குறிக்கிறது. 'காணி விடுவிக்கப்பட்டது' என்று மட்டும் படிப்பவர், படை விலகியதா வெடி நீங்கியதா என்று அறிய வழியில்லை. 'வெடி நீக்கி ஒப்படைக்கப்பட்ட காணி' என விரித்தெழுதின் அவ்வையம் எழாது.

5. முடிவுரை

கலைச்சொல்லாக்கத்தில் சுருக்கமும் ஓசையும் போற்றத்தக்கவையே. ஆயினும் இத்துறையில் அவற்றினும் முற்பட்டது பொருள் வரையறை. களப்பணியாளர் தடத்தின் எல்லையில் நடும் கோலுக்குச் செம்மை இடரையும் வெண்மை தூய்மையையும் உணர்த்தும். இரண்டும் மயங்கினால் உயிர் போகும். மொழிபெயர்ப்பாளர் இடும் சொல்லும் அத்தகைய எல்லைக்கோலே. அதனை நம்பியே மீள்குடியேறுவோர் தம் காணியில் கால் வைக்கின்றனர்.