ஆடை பாதி – 7: சாரத்துக்குக் காலர் வைத்தால்

முதலில் பிளேசரை மறந்துவிடலாம். பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு இல்லாமல் பிரெப்பி ஏது என்று கேட்பவர்கள், சித்திரை மாத மதியத்தில் தூத்துக்குடி பீச் ரோட்டில் அதை மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கட்டும். வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உப்புக்காற்று பித்தளையைச் சும்மா விடாது, பச்சை பூத்துவிடும்.

அமெரிக்கக் கிழக்குக்கரையில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிகளிலும், பிறகு அவர்கள் போய்ச்சேரும் யேல், பிரின்ஸ்டன் மாதிரிக் கல்லூரிகளிலும் உருவான உடுப்பு இது. காலர் நுனியில் பொத்தான் வைத்த ஆக்ஸ்ஃபோர்டு சட்டை, காக்கி பேன்ட், நம் கடைகளில் கட் ஷூ என்று கேட்டால் கிடைக்கிற லோஃபர், காலர் டி-ஷர்ட், மெட்ராஸ் கட்டம் போட்ட அரைக்கை. 1980இல் லிசா பர்ன்பாக் இதையெல்லாம் கிண்டலடித்து ஒரு கையேடு தொகுத்தார். ஜனங்கள் கிண்டலை விட்டுவிட்டுக் கையேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைய மாடர்ன் பிரெப்பியிலும் சாமான்கள் அதேதான். டை போய்விட்டது, தொளதொளப்பு வந்துவிட்டது.

அந்தச் சாமான்களில் நம் பக்கத்துச் சரக்கு எவ்வளவு என்பதைப் பார்த்தால், இது கடன்வாங்கிய உடுப்பு என்ற கூச்சம் போய்விடும். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, அடிமை வியாபாரத்திலும் கை நனைத்து, பெரும் சொத்தோடு இங்கிலாந்து திரும்பியவர் எலிஹு யேல். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கு ஏறக்குறைய 562 பவுண்டுக்கு விலைபோனது. வாங்கிக்கொண்ட சின்னக் கல்லூரி நன்றிக்கடனாக அவர் பெயரையே வைத்துக்கொண்டது. காலர் டி-ஷர்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருப்பூரில் தைத்தவை கண்டெய்னர் கண்டெய்னராகப் போவது வ.உ.சி. துறைமுகம் வழியாகத்தான்.

கட்டத்துணியின் கதைதான் சுவாரஸ்யம். மேற்கு ஆப்பிரிக்காவின் காலபரி மக்கள் நெடுங்காலமாகப் பிறப்புக்கும் சாவுக்கும் உடுத்திவந்த துணி அது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி சென்னைக்கு வந்தார். கண்ணூர்க்காரரான சி.பி. கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்களைக் கட்டியவர், கெஜம் ஒரு டாலர் கணக்கில் அவருக்கு 10,000 கெஜம் விற்றார். சாயம் போகும், பச்சைத்தண்ணீரில் பக்குவமாக அலச வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். துணி கப்பல் ஏறியது, பேச்சு ஏறவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டை வாங்கியவர்கள் மெஷினில் போட, சிவப்பு நீலத்தில் இறங்க, நீலம் மஞ்சளில் இறங்க, ஒரே ரகளை. கேஸ் போடுகிற அளவுக்குப் போன பிறகு விளம்பரக்காரர்கள் கதையைத் திருப்பிப்போட்டார்கள்: இந்தத் துணி சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்! சலவைக்கு ஒரு நிறம் காட்டும் அதிசயம் என்று விற்றுத் தீர்ந்தது. நாயர் தரப்பில் சொல்லப்பட்ட கதை இது. வியாபாரக் கதைக்கு உரிய மெருகு கொஞ்சம் ஏறியிருக்கலாம்.

அப்படிப்பட்ட கட்டத்தை இங்கே தினமும் இடுப்பில் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறோம். ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மெட்ராஸ் சட்டை வரவழைக்கிற தம்பிகளுக்கு என் யோசனை: கிரேட் காட்டன் ரோடு பக்கம் போய் மூட்டாத சாரம் ஒன்று வாங்குங்கள். பருத்திதானா என்று கேளுங்கள். துணியைப் புரட்டிப் பாருங்கள். சாயமேற்றிய நூலில் நெய்ததென்றால் இரண்டு பக்கமும் ஒரே நிறம் காட்டும், அச்சடித்ததென்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். ராத்திரி கல்லுப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்பு சாயத்தைப் பிடித்துவைக்கிறதோ இல்லையோ, சுருங்க வேண்டிய துணி தைக்கும் முன்னாலேயே சுருங்கிவிடும்.

அடுத்தது டெய்லர். அளவுச்சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பக்கத்தில் நின்று பேச வேண்டிய வேலை இது. பையின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு கோடு பிசகாமல் சேர வேண்டும். பொத்தான் பட்டியிலும் அப்படியே. இதற்குத் துணி கொஞ்சம் கூடப் பிடிக்கும், டெய்லர் முணுமுணுப்பார். பெரிய வாக்குவாதம் காலரில் வரும்.

“தம்பி, கேன்வாஸ் வைக்காம தச்சா காலரு தொவண்டு போயிரும். பெறவு என்னையக் கொற சொல்லக் கூடாது.”

“தொவளட்டும் அண்ணாச்சி, அதுக்குத்தான நுனியில பொத்தான் வைக்கச் சொல்லுதேன்.”

போலோ ஆட்டக்காரர்கள் காலர் முகத்தில் அடிக்காமலிருக்கப் பொத்தான் போட்டதைப் பார்த்து ப்ரூக்ஸ் பிரதர்ஸ் எடுத்துக்கொண்ட காலர் அது என்பார்கள். அதன் அழகே அந்தத் துவளலில்தான். பொத்தானுக்கும் கழுத்துக்கும் நடுவே துணி லேசாகப் புடைத்து வளைந்து நிற்கும். அட்டை மாதிரி விறைத்து நிற்கிற காலருக்கு இரண்டு பொத்தான் தைத்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் மிஞ்சும்.

பொத்தான் என்றதும் ஒன்று. நல்ல சட்டைக்குச் சிப்பிப் பொத்தான் என்பது பிரெப்பிக்காரர்களின் பிடிவாதம். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத கடற்கரையில் நான் இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். நம் முத்துச்சிப்பி சின்னது, ஓடும் மெலிசு. பொத்தானுக்குத் தடித்த ஓடு வேண்டும். கிடைத்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பி சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது.

பேன்ட்டைப் பற்றிப் போன வாரமே பேசிவிட்டோம்: காக்கி அல்லது சந்தன நிறம், தொடையில் தாராளம், கணுக்காலோடு நிறுத்தம். கட் ஷூ பழுப்பு போதும். படகு ஷூ என்று ஒன்று விற்கிறார்கள். நனைந்த தளத்தில் வழுக்காமலிருக்க 1935இல் பால் ஸ்பெர்ரி கண்டுபிடித்தது. தோணி ஓட்டுகிற நம் ஆட்கள் வெறுங்காலில் நின்றே கொழும்பு போய் வந்தார்கள். ஷாப்பிங் மாலுக்கு அது தேவையா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

அமெரிக்கர்களைவிட இந்த உடுப்பை ஒழுங்காகப் படித்தவர்கள் ஜப்பானியர்கள். 1965இல் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களைப் படமெடுத்து ‘டேக் ஐவி’ என்று புத்தகமே போட்டார்கள். அங்கே இந்த மோகத்தைக் கிளப்பிய வேன் ஜாக்கெட் கம்பெனியின் கென்சுகே இஷிசு வற்புறுத்தியது நேரம், இடம், சந்தர்ப்பம் என்ற மூன்றைத்தான். தூத்துக்குடிக்கு அதைப் பொருத்தினால்: கிளியரிங் ஆபீஸ் ஏசிக்கு வெள்ளையோ வெளிர்நீலமோ ஆக்ஸ்ஃபோர்டு முழுக்கை, இன் பண்ணி. ஞாயிற்றுக்கிழமை பனிமய மாதா கோயில் பூசைக்கும் அதுவே, கையை மடித்துவிடாமல். சாரக்கட்ட அரைக்கை சாயங்காலத்துக்கு, இன் பண்ணாமல். அதன் நீளம் பேன்ட்டின் பின்பாக்கெட் பாதியோடு நிற்கும்படி டெய்லரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துக்க வீட்டுக்கு மட்டும் அது வேண்டாம். வேட்டிக்கு ஆக்ஸ்ஃபோர்டு சட்டை பொருந்துமா என்று கேட்டால், தாராளமாக. காலர் பொத்தானைப் போட மறக்காதீர்கள்.

(தொடரும்)