உங்களுக்குத் தெரியுமா? கதவு மூடவும் 5 நொடி!

அமெரிக்க மருத்துவமனைகளில் கதவு எவ்வளவு வேகமாக மூடலாம் என்பதற்கும் சட்டம் உண்டு! மாற்றுத்திறனாளிகளுக்கான 2010 விதிகளின்படி, குளோசர் (கதவைத் தானாக மூடவைக்கும் கருவி) பொருத்திய கதவு 90 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வரக் குறைந்தது 5 நொடி எடுக்க வேண்டும். ஊன்றுகோலோடு வருபவர் இடிபடாமல் கடக்க வேண்டாமா?

• வேகம் கூடினால், குளோசரின் எண்ணெய் ஓட்டத்தை அடக்கும் சிறு திருகைத் திருப்பினால் போதும்.

• உள்கதவைத் தள்ள 5 பவுண்டு விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது. ஏறத்தாழ இரண்டேகால் கிலோ எடை. தீத்தடுப்புக் கதவுக்கு இதில் விலக்கு: அது தானாகவே இறுக மூடியாக வேண்டும். அதனால்தான் பல நடைபாதைகளில் மின்காந்தம் அதைத் திறந்தே பிடித்திருக்கும். தீ எச்சரிக்கை ஒலித்ததும் விட்டுவிடும்.

• தானியங்கிக் கதவு? ஆச்சரியம்தான், அந்த விதிகள் அதைக் கட்டாயமாக்கவே இல்லை.