மேலுக்கு முடியலைன்னா மனசும் ஏன் வாடுது, தெரியுமா?

விடியற்காலை. கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு ஏறும் ஏலத்தோட்ட ஜீப் ஹாரன் அடிக்கிறது. தூக்குவாளியோடு ஏறும் பெண்களில் ஒருத்தி கேட்கிறாள்: "ஏத்தா, உங்க மதினி வரலையா?"

"அதுக்கு மேலுக்கு முடியல. நாலு நாளா காய்ச்சல். யாருகிட்டயும் முகங்கொடுத்துப் பேசக்கூட மாட்டேங்குது."

உடம்புக்கு முடியாததும் முகங்கொடுக்காததும் ஒரே மூச்சில் வருகின்றன, பாருங்கள்! இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்கிறது இன்றைய மருத்துவம்.

காய்ச்சலில் ஏன் எதுவுமே பிடிப்பதில்லை, தெரியுமா?
கிருமி நுழைந்ததும் நம் நோய் எதிர்ப்புச் செல்கள் 'சைட்டோகைன்' என்ற சேதிப் புரதங்களை அள்ளி விடுகின்றன. "சாப்பிடாதே, அலையாதே, ஆளோடு சேராதே, படுத்துக்கொள்" என்று மூளைக்குப் போகிற உத்தரவு அது! சண்டைக்கு வேண்டிய சக்தியைச் சேமிக்க உடம்பு செய்யும் ஏற்பாடு. 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய தொழிலாளர்களை மலேரியா சுருட்டிப் போட்டதே, அங்கேயும் வேலை செய்தது இதே உத்தரவுதான்!

சேதி எந்த வழியாக மூளைக்குப் போகிறது, தெரியுமா?
ஒரு வழி ரத்தம். இன்னொரு வழி, வயிற்றில் இருந்து மூளைத்தண்டு வரை ஓடும் வேகஸ் நரம்பு! மூளைக்குள்ளேயே 'மைக்ரோக்ளியா' என்ற காவல் செல்கள் இருக்கின்றன. சேதி கிடைத்ததும் அவையும் விழித்துக்கொண்டு சைட்டோகைன்களைச் சுரக்கின்றன!

மனசின் வாய்க்கால் வற்றுவது எப்படி, தெரியுமா?
பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் டிரிப்டோஃபேன் என்ற சத்து உண்டு. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினை உடம்பு அதிலிருந்துதான் செய்கிறது. சைட்டோகைன்களைக் கிளப்பும் இந்தச் சண்டைக்குப் பெயர்தான் அழற்சி. அது கூடினால் ஒரு நொதி குறுக்கே வந்து, டிரிப்டோஃபேனைக் கைனூரெனின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. ஒரு வயலுக்குப் போகிற தண்ணீரை மடை மாற்றி அடுத்த வயலுக்கு விட்டது போல!

மருந்தே மனச்சோர்வைக் கொண்டுவந்தது, தெரியுமா?
ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது. அதுவும் ஒரு சைட்டோகைன். போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது! அழற்சிக்கும் மனசுக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிட வலுவான சாட்சி அபூர்வம்.

ஒன்பது வயது ரத்தம் பதினெட்டு வயதைப் பற்றிப் பேசியது, தெரியுமா?
இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பது வயதில் இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் அதிகம் இருந்தவர்களுக்குப் பதினெட்டு வயதில் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது என்று 2014-ல் ஆய்வு வெளியானது!

மூட்டுவாத மருந்து மனசைத் தேற்றுமா?
2013-ல் அமெரிக்காவில், அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மூட்டுவாத மருந்தை மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததன் முடிவு வெளியானது. பொதுவாகப் பலன் இல்லை. ஆனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தவர்கள் தேறும் அறிகுறி தெரிந்தது! எல்லோருடைய மனச்சோர்வும் ஒரே வேரில் முளைப்பதில்லை. சிலருக்கு அழற்சி, சிலருக்குக் கடனும் இழப்பும், பலருக்கு எல்லாம் சேர்ந்து.

சென்னையில் 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அத்தனை பேரையும் "மனதைரியம் இல்லாதவர்கள்" என்று சொல்லிவிட முடியுமா?

ஆகவே, காய்ச்சல் விட்டும் வாட்டம் விடவில்லையா? இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் ஆசையும் செத்துக் கிடக்கின்றனவா? மேலுக்கு முடியாதபோது ஆஸ்பத்திரிக்குப் போவது போலவே மனசுக்கும் போங்கள். உட்கொள்ளும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவோ பகலோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.