முதலில் இருட்டு, பிறகு புரொஜெக்டர்

55 அங்குல டி.வி.யைக் கழற்றிவிட்டு 110 அங்குலத் திரை மாட்டினால் படத்தின் பரப்பு நான்கு மடங்காகிறது. ஏறக்குறைய எட்டடி அகலம், நாலரை அடி உயரம். அந்த அளவில் ஒரு குளோசப்பைப் பார்த்தவர்களுக்கு மறுபடி டி.வி.க்குத் திரும்ப மனசு வராது. வீட்டில் நல்ல ஸ்பீக்கர்களும் ரிசீவரும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அடுத்து புரொஜெக்டர் பற்றி விசாரிப்பது இதனால்தான். கடையில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி வெளிச்ச அளவைப் பற்றியது: “எத்தனை லூமன்ஸ்?” என்னைக் கேட்டால், கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த அறை எவ்வளவு இருட்டாகும்?

புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் அனுப்ப முடியும். கறுப்பை அனுப்ப முடியாது. புரொஜெக்டரை அணைத்துவிட்டு, படம் பார்க்கும் நேரத்தில் அறை எப்படி இருக்குமோ அப்படியே வைத்து, வெறும் திரையைப் பாருங்கள். அது என்ன நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பு அந்த அறையில் உங்களுக்குக் கிடைக்காது. பிற்பகல் மூன்று மணிக்கு ஜன்னல் வழியே வெளிச்சம் கசியும் ஹாலில் அது பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கும். எத்தனை ஆயிரம் லூமன்ஸைக் கொட்டினாலும் இரவுக் காட்சி அங்கே எடுபடாது. டூரிங் டாக்கீஸ்களில் பொழுது சாய்ந்த பிறகே முதல் ஆட்டம் தொடங்கியதற்குக் காரணமும் இதுதான்.

மதுரையில் ஒரு நண்பர் மாடி அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினார். ஜன்னல்களுக்கு வெளிச்சம் புகாத கெட்டித் துணி தைத்துப் போட்டார். கதவைச் சாத்தினால் கை தெரியாத இருட்டு. அப்படியும் படம் வெளுத்தே தெரிந்தது. ஒரு பாலைவனக் காட்சி வந்தபோது காரணம் புரிந்தது. மணலின் வெளிச்சம் திரையில் பட்டு, வெள்ளை அடித்த சீலிங்குக்கும் பக்கச் சுவர்களுக்கும் தாவியது. அறைக்குள் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம். அந்த வெளிச்சம் மறுபடி திரைக்கே திரும்பி, மணல்மேட்டு நிழல்களை எல்லாம் அழித்துவிட்டிருந்தது. பெயின்டரைக் கூப்பிட்டு, திரையை ஒட்டி ஐந்தடி தூரத்துக்கு சீலிங்கிலும் இரு பக்கச் சுவரிலும் அடர் சாம்பல் மேட் எமல்ஷன் அடிக்கச் சொன்னார். திரையைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் ஒட்டினார். அதே புரொஜெக்டர், அதே காட்சி. நிழலில் நின்ற ஒட்டகத்தின் சேணத்தில் இப்போது தையல் தெரிந்தது. அடுத்த விலை மாடலுக்குப் போயிருந்தால் ஆகியிருக்கும் கூடுதல் பணத்தில் ஒரு சிறு பங்குதான் இதற்குச் செலவு. பெயின்ட் மேட்டாக இருப்பது முக்கியம். பளபளப்பு ரகம் கறுப்பாகவே இருந்தாலும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

இருட்டு கிடைத்துவிட்டால் லூமன்ஸ் கணக்கு எளிது. டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுத்திருக்கும் வெளிச்ச அளவு 14 ஃபுட்-லாம்பர்ட். புரொஜெக்டரின் லூமன்ஸைத் திரையின் சதுர அடியால் வகுத்தால், சாதாரண மேட் வெள்ளைத் திரைக்கு எத்தனை ஃபுட்-லாம்பர்ட் என்பது கிடைக்கும். 100 அங்குலத் திரை சுமார் 30 சதுர அடி; அதற்கு 420 லூமன்ஸ் போதும். 120 அங்குலத்துக்கு 600. பெட்டியில் போட்டிருக்கும் எண், நிறங்கள் கெட்டுப்போகும் மிகப் பிரகாசமான மோடுக்கானது. சினிமா மோடில் அது கணிசமாகக் குறையும், லேம்ப் பழசாக ஆக மேலும் குறையும். அதையெல்லாம் கழித்தாலும் நல்ல கம்பெனியின் 2,000 லூமன்ஸ் மாடலே இருட்டறைக்குத் தாராளம். ஆன்லைனில் மலிவு விலையில் 9,000, 12,000 என்று விளம்பரம் வந்தால், ‘ஆன்ஸி லூமன்ஸ்’ எவ்வளவு என்று தேடுங்கள். பல பெட்டிகளில் அது சில நூறுதான் இருக்கும். ‘4கே சப்போர்ட்’ என்பதும் அப்படியே. 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். காட்டுவது என்ன என்பது ‘நேட்டிவ்’ ரெசல்யூஷனில் இருக்கிறது.

அடுத்தது தூரம். ஒவ்வொரு லென்ஸுக்கும் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் உண்டு. படத்தின் அகலத்தை அதனால் பெருக்கினால், லென்ஸ் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது வரும். 100 அங்குலத் திரையின் அகலம் ஏழேகால் அடி, எண் 1.5 என்றால் கிட்டத்தட்ட 11 அடி தேவை. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையில் பெட்டியின் நீளமும் பின்னால் கேபிளும் போக, இது இழுபறிதான். 1.2, 1.3 எண்ணுள்ள மாடல்கள் அங்கே சௌகரியம்.

நம் வீடுகளில் இதோடு சீலிங் ஃபேனும் வந்து சேர்ந்துகொள்கிறது. புரொஜெக்டரைச் சீலிங்கை ஒட்டி மாட்டினால் ஒளிக்கற்றை ஃபேன் இறக்கைகளை வெட்டிக்கொண்டு போகும். படம் முழுக்க நிழல் ஓடும். அதற்குப் பரண்தான் நல்ல இடம். ஏழடி உயரத்தில் பின்சுவரில் இருக்கும் பரணிலிருந்து கிளம்பும் ஒளி ஃபேனுக்குக் கீழே, ஆட்கள் தலைக்கு மேலே போய்விடும். படத்தை மேலும் கீழும் நகர்த்தும் ‘லென்ஸ் ஷிஃப்ட்’ உள்ள மாடலைப் பரண்மேல் விளிம்பில் வைக்கலாம். அது இல்லாதவை மேல்நோக்கியே படம் போடும். அவற்றைப் பரணின் அடிப்பக்கத்தில் தலைகீழாக மாட்டி, மெனுவில் படத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கோணலாக வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ பட்டனால் சரிசெய்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது படத்தைச் சுருக்கிச் செவ்வகமாக்குகிறது, பிக்சல்கள் வீணாகின்றன.

திரையின் அளவை முடிவு செய்ய, பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பைச் சுவரில் ஒட்டி, உட்காரப்போகும் இடத்திலிருந்து குடும்பத்தோடு சில நாள் பாருங்கள். 100 அங்குலத்துக்குப் பத்தடியிலிருந்து பதிமூன்றடி வரை நல்ல தூரம். கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் இருந்தால் கழுத்து வலிக்காது.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் 2.39-க்கு 1 என்ற ஸ்கோப் அளவில் வருபவை. டி.வி. வடிவத் திரையில் அவற்றைப் போட்டால் உயரத்தில் கால் பங்கு மேலும் கீழும் வெறும் பட்டையாகப் போய்விடும். அந்தப் பட்டை கறுப்பாகத் தெரிவதும் சாம்பலாகத் தெரிவதும் மறுபடி அறையின் இருட்டைப் பொறுத்ததே. சினிமாதான் பிரதானம், கிரிக்கெட்டும் சீரியலும் எப்போதாவதுதான் என்றால் ஸ்கோப் வடிவத் திரையே வாங்கலாம். ஒலி ஊடுருவும் நெசவுத் திரையும் கிடைக்கிறது. சென்டர் ஸ்பீக்கரை அதன் பின்னால் வைத்தால் வசனம் நடிகரின் வாயிலிருந்தே வருவதாகக் கேட்கும், சாதாரண டி.வி. அமைப்பில் இது கிடைக்காது.

டி.எல்.பி. சிப் உள்ள புரொஜெக்டர்களில், நிறச்சக்கரம் சுழல்வதால், சிலர் கண்ணுக்கு மட்டும் வானவில் கீற்றுகள் தெரியும். வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 3எல்.சி.டி. வகையில் இந்தத் தொந்தரவு இல்லை. லேம்ப் சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டியது. லேசருக்கு 20,000 மணி நேரம் என்று கம்பெனிகள் சொல்கின்றன.

இருட்டாக்கவே முடியாத ஹால் என்றால், நல்ல டி.வி.யோடு இருந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

புரொஜெக்டர்தான் என்று முடிவானால், மின்வெட்டுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். லேம்ப் கொதித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அதைக் குளிர்விக்கும் ஃபேனும் நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வைத்தால் மாறும் நேரம் குறைவு. பெரும்பாலும் புரொஜெக்டர் அணையாது. 4கே படத்துக்கு ஏழெட்டு மீட்டரைத் தாண்டினால் சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை நம்ப முடியாது, ஃபைபர் கேபிள் போட வேண்டும். வீடு இப்போதுதான் எழும்புகிறது என்றால், பூச்சு வேலைக்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, பரணிலிருந்து திரைச் சுவர் வரை இரண்டு அங்குலப் பைப் ஒன்றைப் புதைத்துவிடுங்கள். லைட்டுக்குப் போடும் முக்கால் அங்குலப் பைப்பின் வளைவுகளில் அந்தக் கேபிளின் தலை நுழையாது.